ஒற்றைக் குரவை

ஒருத்தி குரவை போட்டால், அது காதில் விழுந்த எந்தப் பெண்ணும் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது. கிண்ணியாவில் நஜ்முன் நிஸா பிறந்து வளர்ந்த வளவில் அது எழுதாத சட்டம். மீன் அரிந்துகொண்டிருந்தாலும் சரி, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, வாயருகே கையைக் குவித்து, நாக்கைச் சுழற்றிப் பதில் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. ஒற்றைக் குரவை ஆகாது என்பார்கள். பதில் கிடைக்காத குரவை தன் சோடியைத் தேடி வீட்டைச் சுற்றிச் சுற்றி வருமாம்.

அந்தச் சட்டத்தால்தான் திருகோணமலையில், கடற்கரைப் பக்கத்து மண்டபம் ஒன்றில், அறுபது பேருக்கு நடுவே அவளுக்கு மானம் போனது.

நிஸாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் ஸெய்னுதீன் மௌத்தான பிறகு இரண்டு வருடமாக அந்த மண்டபத்துக் குசினியில் தேத்தண்ணி போடுகிறாள். காலையில் கிண்ணியாவில் பஸ் ஏறி, பாலம் தாண்டி, சீனன்குடாவின் விமானப்படை வேலியைத் தாண்டி நகரத்துக்கு வருவாள். துறைமுகம் தெரியும் பக்கமாகப் பார்த்து உட்காருவாள். நேற்று நின்ற கப்பல் எது, இன்றைக்கு வந்தது எது என்று அவளுக்குத் தெரியும். மகள் அப்ரா டோஹாவுக்குப் போனது விமானத்தில்தான். ஆனாலும் வெளிநாடு என்றால் நிஸாவின் கண் கப்பலைத்தான் தேடும்.

அந்தக் கிழமை மண்டபத்தில் உலக இசைப் பட்டறை. வாசலில் மூன்று மொழியில் பதாகை கட்டியிருந்தார்கள். செனகலிலிருந்து ஒரு மேளக்காரர், நோர்வேயிலிருந்து வயலின் வாசிக்கும் ஒரு கிழவர், நேபாளத்துப் புல்லாங்குழல்காரர் ஒருவர், மொரோக்கோவிலிருந்து ஹயாத் என்ற பாடகி. இவர்களிடம் படிக்க இறக்கக்கண்டியிலிருந்தும் நகரத்திலிருந்தும் தமிழ்ப் பிள்ளைகள், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் முஸ்லிம் பிள்ளைகள், கந்தளாயிலிருந்து சிங்களப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஐந்து நாள் பயிற்சி, கடைசி நாளான சனிக்கிழமை பின்னேரம் கச்சேரி.

முதல் நாள் மண்டபம் மூன்று பாத்தியாகப் பிரிந்து கிடந்தது. ஆளுக்கொரு மூலை, மூலைக்கொரு மொழி. பட்டறையை நடத்திய ஜெயரூபி, நகரத்துப் பிள்ளை, ஆங்கிலத்தைத் தமிழாக்கியும் தமிழைச் சிங்களமாக்கியும் ஓடித் திரிந்து, பத்து மணிக்குக் குசினி வாசலில் வந்து சரிந்தாள்.

"நிஸா அக்கா, ஒருத்தரும் ஒருத்தரோட கதைக்கினம் இல்லை. என்ன செய்யிற?"

"தேத்தண்ணி தாறன் எண்டு சொல்லுங்க மிஸ்."

சொன்னாள். மூன்று பாத்தியும் எழுந்து வந்து குசினி வாசலில் ஒரே வரிசையாக நின்றன.

"பாத்தீங்களா?" என்றாள் நிஸா. "இதுக்குப் போய் நோர்வேயில இருந்து ஆளக் கூப்பிட்டிருக்கீங்க."

இரண்டாம் நாள் அது நடந்தது. நிஸா கேத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே ஹயாத் ஏதோ ஒரு பாட்டை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு போனாள். மேளம் கூடவே போனது. பாட்டின் உச்சத்தில், ஒரு முன்னறிவித்தலும் இல்லாமல், ஹயாத்தின் வாயிலிருந்து நீளமாக, நடுங்கி நடுங்கி, அந்தச் சத்தம் வந்தது.

குரவை. சந்தேகமே இல்லை. கலியாண வீட்டுக் குரவையேதான்.

வந்து, கூரையில் முட்டி, நின்றது. ஒருவரும் பதில் கொடுக்கவில்லை.

நிஸாவுக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. அவளுடைய நாக்குக்கு அவளைவிட வயது கூட. கேத்தல் ஒரு கையில் இருக்க, மற்றக் கை தானாக எழும்பி வாயருகே குவிந்தது. அவள் கொடுத்த குரவை குசினியைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி, வெளியே, நகரத்துத் தெருக்களில் மாடுபோலத் திரிகிற மான்களில், பிளாஸ்ரிக் பையை மென்றுகொண்டு நின்ற ஒன்றைத் தலைதூக்க வைத்தது.

மேளம் நின்றது. அறுபது தலைகளும் குசினிப் பக்கம் திரும்பின. பிறகு சிரிப்பு வெடித்தது. நிஸா கேத்தலோடு அப்படியே கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். "அல்லாஹ்வே, என்ன வேல செஞ்சு போட்டன்!"

ஹயாத் ஓடி வந்தாள். அவளுடைய கண் இரண்டும் நிறைந்திருந்தன. நிஸாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏதோ சொன்னாள். ஜெயரூபி பின்னால் மூச்சிரைக்க வந்து மொழிபெயர்த்தாள்.

"எத்தினையோ நாட்டில பாடியிருக்கிறாவாம். பாட்டு முடிஞ்ச பிறகு கைதட்டுவினமாம். இதுக்குப் பதில் குடுத்தது நீங்கள்தானாம். தன்ர ஊரில மாமிமார் குடுக்கிற மாதிரி இருந்ததாம்."

கந்தளாயிலிருந்து வந்த சந்துனி என்ற பிள்ளையும் வந்து நின்று, சிங்களத்தில் அது என்ன சத்தம் என்று கேட்டாள். ஜெயரூபிக்கு அதற்குச் சிங்களச் சொல் அகப்படவில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் 'சந்தோசச் சத்தம்' என்று சொல்லி வைத்தாள். அன்று முழுவதும் பிள்ளைகள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்து நாக்கைச் சுழற்றிப் பழகினார்கள். தேத்தண்ணி வரிசைக்கு வெளியேயும் மூன்று பாத்தியும் கலந்து போனது அன்றைக்குத்தான்.

பின்னேரம் ஹயாத் கேட்டாள்: சனிக்கிழமை கச்சேரியில் அந்த இடத்தில் நிஸாவும் பதில் கொடுக்க வேண்டும்.

"ஏலாது மிஸ்," என்றாள் நிஸா உடனே. "இண்டைக்கு வாய் தவறிட்டு. மகள் போன இடத்தில கதை வரும்."

ஜெயரூபி மேற்கொண்டு கேட்கவில்லை. நிஸாவும் மற்றக் காரணத்தைச் சொல்லவில்லை. மற்றது ஐந்து வருடமாக அவள் யாருக்கும் சொல்லாதது.

கிண்ணியாவில் நிஸாவின் வளவில் எந்தக் கலியாணமானாலும் முதல் குரவை அவளுடையது. அவள் தொடங்கினால்தான் மற்றப் பெண்கள் சேர்வார்கள். கலியாணத்துக்கு மூன்று குரவை. அது நடக்கும்போது மணப்பெண் தலை குனிந்து இருக்க வேண்டும். உதடு பிரியக் கூடாது. மூன்றும் முடிந்த பிறகுதான் தலையை நிமிர்த்தி, முதலில் தன் உம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். எத்தனையோ பேருடைய பிள்ளைகள் அப்படித் தலை நிமிர்த்தியதை நிஸா பார்த்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் அப்ராவை நினைத்துக்கொள்வாள்.

அப்ராவின் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை றுவைஸ் மூதூர்ப் பிள்ளை, டோஹாவில் வேலை. நிக்காஹ் அன்று காலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். நல்ல மனிதர், குரல் உயர்த்தாதவர்.

"ஒண்டும் நினைக்க வேணாம் ராத்தா. எங்கட பக்கம் இப்ப குரவை போடுற வழக்கம் இல்ல. இண்டைக்கு அது இல்லாம இருந்தா நல்லம்."

நிஸா ஸெய்னுதீனைப் பார்த்தாள். அவர் சம்பந்தி வீட்டார் மனம் நோகக் கூடாது என்று நினைக்கிற ஆள். "முதல் நாளே முரண்டு பிடிக்கிறதா? ஒரு நாள்தானே, விடு," என்றார்.

விட்டாள். பெண்ணைக் கூட்டிவந்து இருத்தினார்கள். அப்ரா தலையைக் குனிந்தாள். கூடியிருந்த பெண்கள் எல்லாரும் நிஸாவின் வாயைப் பார்த்தார்கள். அவள் முந்தானை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் தொடங்காததால் ஒருத்தியும் தொடங்கவில்லை. அப்ரா குனிந்த தலையோடு வெகு நேரம் இருந்தாள். நிமிரச் சொல்ல அங்கே சத்தம் இல்லை. கடைசியில் தானாகவே நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைத்தான் நிஸாவால் ஐந்து வருடமாக வாசிக்க முடியவில்லை. கோபமா, கேள்வியா, இல்லை, விளங்கியது என்ற ஆறுதலா? இரண்டு மாதத்தில் மகள் டோஹாவுக்குப் போனாள். வாப்பா ஸெய்னுதீனின் மௌத்துக்கு வர அவளால் முடியவில்லை, அப்போது குழந்தை ஹுஸ்னியா வயிற்றில். பேத்தியை இன்று வரை நிஸா ஃபோன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அழைப்பு வரும். சாப்பிட்டீங்களா உம்மா, மருந்து போடுறீங்களா உம்மா, அங்க மழையா உம்மா. மூன்று கேள்வி, மூன்று பதில். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முன்பெல்லாம் அப்ரா பேசத் தொடங்கினால் சோறு ஆறிப் போகும்.

அந்த வெள்ளிக்கிழமையும் அழைப்பு வந்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து மண்டபம் அமைதியாக இருந்த நேரம். மூன்று கேள்வியும் முடிந்துவிட்டன. மகள் வைத்துவிடப் போகிறாள் என்ற பயத்தில், அவளைச் சிரிக்க வைப்பதற்காக, நிஸா நடந்ததைச் சொன்னாள். மொரோக்கோக்காரி, கேத்தல், மான், கச்சேரிக்குக் கூப்பிட்டது, எல்லாம்.

அப்ரா சிரிக்கவில்லை.

"நீங்களா உம்மா? குரவை போட்டீங்களா?"

"வாய் தவறி மகள்."

கண்ணாடிக்குள் மகள் முகம் பக்கத்துக்குத் திரும்பியது. "என்ட கலியாணத்தில வாய் தவறல்லயே உம்மா."

நிஸாவுக்கு முதலில் விளங்கவில்லை. "என்னடி மகள் கதைக்கிற? அவங்க வேணாமெண்டு சொன்னதாலதானே நான்..."

"ஆரு வேணாமெண்ட?"

"மாப்பிள்ள வீட்டில. பெரியப்பா காலம வந்து சொன்னாரே. உனக்கு வாப்பா சொல்லல்லயா?"

"எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல."

சொல்லியிருக்க வேண்டியவர் இப்போது எதையும் சொல்ல முடியாத இடத்தில் இருந்தார். அவர் சொல்லியிருப்பார் என்று இவளும், சொல்ல ஒன்றுமே இல்லை என்று மகளும் இருந்துவிட்டார்கள்.

"நான் என்ன நினைச்சனான் தெரியுமா உம்மா?" அப்ராவின் குரல் உடைந்தது. "பஸ்லான் மச்சானக் கட்ட மாட்டனெண்டு சொன்னனே, அந்தக் கோவம் எண்டு நினைச்சனான். ஊருக்கெல்லாம் போடுற உம்மா எனக்குப் போடல்லயே எண்டு. தலையக் குனிஞ்சிக்கிட்டு எவ்வளவு நேரம் இருந்தன்! இப்ப வரும், இப்ப வரும் எண்டு."

பஸ்லான் நிஸாவின் அண்ணன் மகன். அவனுக்குத்தான் அப்ரா என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தாள், உண்மைதான். அப்ரா மாட்டேன் என்றபோது ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், அதுவும் உண்மைதான். ஒரு கிழமைதான். அந்த ஒரு கிழமை இத்தனை நீளமாக வளர்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

"முந்தானையக் கடிச்சனான் மகள். கிழிஞ்சு போச்சு. அந்தச் சாறி இன்னும் அலுமாரியில கிடக்கு."

"இப்பப் போடுங்க," என்றாள் அப்ரா, சின்ன வயதில் ஐஸ்பழம் கேட்கிற அதே குரலில். "இப்பவே போடுங்க உம்மா."

நிஸா குசினிக் கதவைச் சாத்தினாள். ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்தாள். கையைக் குவித்தாள். மனம் நிறைந்து ஒன்று போட்டாள்.

"கேக்கல்ல உம்மா."

இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் மறுபடி போட்டாள்.

"வாய் அசையிது. சத்தம் வரல்ல. தண்ணிக்குள்ள நிண்டு கத்துற மாதிரி இருக்கு."

மூன்றாவதும் அப்படியே போனது. நிஸா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடல் தாண்டி அது போகாதாம். பேச்சு போகுமாம், அழுகை போகுமாம், அது மட்டும் போகாதாம்.

"நாளைக்குக் கச்சேரியில போடுங்க," என்றாள் அப்ரா, அடுத்த அறையில் றுவைஸிடம் கேட்டுவிட்டு வந்து. "இவருக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். பெரியப்பா சொன்னது இவருக்கே தெரியாதாம்."

சனிக்கிழமை காலையில் நிஸா தேத்தண்ணித் தட்டோடு நேரே ஒலிவாங்கி கட்டிக்கொண்டிருந்த தர்சனிடம் போனாள். முப்பது வயதுப் பொடியன், மாவட்டத்தில் எந்த விழாவானாலும் சவுண்ட்ஸ் அவன்தான்.

"தம்பி, ஃபோனில ஏன் குரவை கேக்கல்ல?"

"அது ஃபோனின்ர குணம் அக்கா. மனுசக் குரலை மட்டும் போக விட்டிட்டு மற்றதெல்லாம் இரைச்சல் எண்டு வெட்டிப்போடும்."

"அப்ப குரவை மனுசக் குரல் இல்லையா?"

தர்சன் தலையைச் சொறிந்தான். "அந்த ஃபோனைச் செய்தவன் கிண்ணியாவில கலியாணம் பாக்கேல்லப் போல கிடக்கு."

நிஸா தன் நிபந்தனைகளைச் சொன்னாள். மேடையில் ஏற மாட்டாள். குசினி வாசலில், திரைக்குப் பின்னால் நிற்பாள். ஒரு மைக் அங்கே வேண்டும். சத்தத்தை அப்படியே, வெட்டாமல், பதிந்து தர வேண்டும்.

"தாறன். மைக்கைக் கடிச்சுப்போடாதேங்கோ அக்கா."

"முந்தானையக் கடிச்சதே காணும்," என்றாள் நிஸா. அவனுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஜெயரூபிக்கு மட்டும் விளங்கியது, அவளிடம் நிஸா வந்ததுமே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவள் தட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

நாலரை மணிக்கு மண்டபம் நிறைந்தது. பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் மூன்று பஸ்ஸில் வந்திருந்தார்கள். வந்த பஸ்ஸின் கணக்கிலேயே மூன்று பகுதியாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் மேடையில் கலந்து நின்றதைப் பார்த்துத் தங்கள் பிள்ளை எங்கே என்று எழும்பி எழும்பித் தேடினார்கள். கிழவரின் வயலினோடு மூதூர்ப் பொடியன் ஒருவன் றபான் தட்டினான். சந்துனி தமிழில் ஒரு வரி பாடினாள். பிறகு ஹயாத் வந்தாள்.

பாட்டு ஏறத் தொடங்கியது. நிஸா திரைக்குப் பின்னால் மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உச்சம் வந்தது. ஹயாத்தின் குரவை எழும்பி, நீண்டு, நடுங்கி, முடிந்தது.

நிஸாவின் கை எழும்பியது. நாக்கு எழும்பவில்லை.

முந்தானையைக் கடித்த அதே இடத்தில் தொண்டை மறுபடி பூட்டிக்கொண்டது. கேத்தல் கழுவும்போது யோசிக்காமல் வந்தது, இப்போது யோசித்தால் வரவில்லை. மேளக்காரர் தாளத்தை நீட்டினார். ஹயாத் திரைப் பக்கம் பார்த்தாள். ஒற்றைக் குரவை மண்டபத்துக்குள் சோடி தேடிக்கொண்டு நின்றது.

அப்போது இறக்கக்கண்டியிலிருந்து வந்த தாய்மார் இருந்த பக்கத்தில் ஒருத்தி பொறுக்க மாட்டாமல் பதில் கொடுத்தாள். யாரென்று நிஸாவுக்குத் தெரியாது. கோயில் திருவிழாவில் கேட்கிற மாதிரி, கொஞ்சம் கரகரத்த, முழுக் குரவை. ஒற்றையாய் விடக் கூடாது என்று அங்கேயும் யாரோ சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

முன்பின் தெரியாத ஒருத்தி தன் மகளுக்குத் தொடங்கி வைத்துவிட்டாள். நிஸாவின் பூட்டு அந்தக் கணத்தில் திறந்தது.

ஒன்று போட்டாள். அது திரையைத் தள்ளிக்கொண்டு போனது. இறக்கக்கண்டிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். இரண்டாவது போட்டாள். கிண்ணியாப் பெண்கள் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு வயதான இரண்டு பேர் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சேர்ந்தார்கள். மூன்றாவதுக்கு, மேடையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் நாக்கைச் சுழற்றின. சந்துனியின் தாய் மகளைப் பார்த்துப் பார்த்து முயற்சி செய்து, சத்தம் வராமல், சிரித்துக்கொண்டு கைதட்டினாள். நிஸா இவை எதையும் பார்க்கவில்லை. அவள் கண் குசினித் தரையில், தேயிலைச் சக்கை சிந்திக் கிடந்த இடத்தில் இருந்தது. அங்கே ஒரு பிள்ளை சிவப்புச் சாறியில் தலையைக் குனிந்து இருந்தது.

கச்சேரி முடிந்து எல்லாரும் போட்டோ எடுக்க, அவள் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். தர்சன் பதிந்ததை அவளுடைய ஃபோனுக்கு அனுப்பித் தந்தான். ஹயாத் வந்து நெற்றியில் முத்தமிட்டுப் போனாள். மொழிபெயர்க்க ஒருவரும் பக்கத்தில் இல்லை.

கிண்ணியா பஸ்ஸில் துறைமுகப் பக்கத்தில் இடம் கிடைத்தது. காலையில் நின்ற கப்பல் போய்விட்டிருந்தது. நிஸா பதிவை மகளுக்கு அனுப்பினாள். சீனன்குடாவில் ஒரு சரி அடையாளம் விழுந்தது. பிறகு இரண்டாவது. பிறகு இரண்டும் நீலமாகின. பதில் இல்லை. அடுத்து வந்த வெள்ளைமணல் தரிப்பிலும் பதில் இல்லை. பொழுது தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் பாலத்தில் ஏறும் நேரம் ஃபோன் அடித்தது.

எடுத்தாள். "மகள்" என்று வாய் திறந்தவள், நிறுத்திக்கொண்டாள்.

கண்ணாடிக்குள் அப்ரா சால்வையை நெற்றி வரை இழுத்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு பிரியவில்லை. மடியில் ஹுஸ்னியா, உம்மா ஏன் அசையவில்லை என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அறையில் வேறு ஏதோ ஃபோனில் பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை திடீரெனச் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. நிஸாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஃபோன் அதை இரைச்சல் என்று வெட்டிக்கொண்டிருந்தது.

கேட்கத் தேவையிருக்கவில்லை. அவள் மனதுக்குள் எண்ணினாள். இது இறக்கக்கண்டிக்காரி. இது என் முதலாவது. இது இரண்டாவது. இப்போது மூன்றாவது, நீளமானது, பிள்ளைகளும் சேர்கிறார்கள், கைதட்டுச் சத்தம், முடிகிறது.

முடிந்தது. இனி நிமிர வேண்டும்.

படம் அப்படியே நின்றது. பாலத்தில் எப்போதும் சிக்னல் விழும். இல்லை, மகள்தான் அசையாமல் இருக்கிறாளோ, இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருப்போம் என்று. எது என்று நிஸாவால் பிரித்தறிய முடியவில்லை. கொண்டக்டர் அவள் இறங்கும் இடத்தைச் சொல்லிக் கூப்பிட்டான். பின்னால் யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். பஸ் நின்று, மறுபடி புறப்பட்டது. அவள் இறங்கவில்லை. ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தக் குனிந்த தலை நிமிர்ந்து முதலில் தன் முகத்தைப் பார்ப்பதற்காக, முகத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள்.